சராசரி மூக்கு

சராசரி மூக்கு என்று ஒன்றை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? மூக்கரசி பார்த்திருக்கிறாள். பார்ப்பது என்ன, அப்படிப்பட்ட மூக்குகளைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பதே அவள் உத்தியோகம். காற்றுப் பரிசோதனை நிலையத்தில் நாற்றப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக வைத்த இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்பட அவளுக்கு வேறு காரணம் வந்து சேர்ந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊரில் எங்காவது நாறுகிறது என்று புகார் வந்தால், அந்தத் தெருக் காற்றைப் பெரிய பிளாஸ்டிக் பையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாற்றத்தை அளக்க நம்பகமான கருவி இன்னும் வரவில்லை. மனித மூக்குதான் கருவி. வடிகட்டிய காற்று மட்டும் வருகிற ஒரு வெள்ளை அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு பொத்தான். முதலில் பைக்காற்றோடு சுத்தக் காற்றை ஏகத்துக்கும் கலந்து அனுப்புவார்கள். பிறகு சுத்தக் காற்றைப் படிப்படியாகக் குறைப்பார்கள். மணக்கிறது என்று தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். யாருக்கு எந்தப் படியில் தெரிந்தது என்று பார்த்துச் சராசரி எடுத்தால் ஓர் எண் வரும். எண் வரம்பைத் தாண்டினால் அது நாற்றம். தாண்டாவிட்டால், தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாலும் நாற்றம் இல்லை.

யார் வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. சளி பிடித்தவர், சிகரெட் பிடித்துவிட்டு வந்தவர், சென்ட் அடித்தவர் எல்லாம் கூடாது. மூக்கு மந்தமானவர் கூடாது, ரொம்பக் கூர்மையானவரும் கூடாது. புகார் கொடுத்த தெருக்காரர் கூடவே கூடாது, அவருக்குக் கோபம் இருக்குமாம். மாசமாக இருக்கிற பெண்ணும் கூடாது, அந்த நேரத்தில் மூக்கு அளவுக்கு மீறி வேலை செய்யுமாம். இத்தனை பேரையும் கழித்த பிறகு மிச்சம் இருக்கிறவருக்குத்தான் சராசரி மனிதர் என்று பெயர். மூக்கரசி வருஷக்கணக்காக இப்படிக் கழித்துக்கொண்டிருந்தாள். காய்கறியில் சொத்தையை நறுக்கிப் போடுகிறவள் கத்தியைப் பற்றி யோசிப்பாளா என்ன?

அப்போதுதான் பசை ஆலை விவகாரம் வந்தது. நகரத்தின் ஓரத்தில் எலும்பை வேகவைத்துப் பசை எடுக்கிற ஆலை. ஒரு கொதிகலன் போதவில்லை, இன்னொன்று வைக்க வேண்டும் என்று அனுமதி கேட்டிருந்தார்கள். ஆலைக்குப் பின்னால் இருந்த தெருக்காரர்கள், இருக்கிற ஒன்றையே தாங்க முடியவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தெருவில்தான் மூக்கரசியின் தங்கை குடியிருந்தாள். மூக்கரசி அதை நிலைய இயக்குநரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"உங்க தங்கச்சியா வந்து மோந்து பாக்கப் போறாங்க? இல்லையே. அப்புறம் என்ன?" என்று சிரித்தார் இயக்குநர். அந்தப் பிரிவில் அவளை விட்டால் வேறு ஆளும் கிடையாது.

சோதனை அன்று எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வழக்கம்போல் வலப்பக்க ஓரத்தில். அவருக்குப் பக்கத்தில் முடிதிருத்துகிறவர். இடப்பக்கத்தில் டியூஷன் டீச்சர், இளம்பெண், போன வருஷம்தான் சேர்ந்தாள், நிதானமான மூக்கு. முதல் படிக் காற்றை அனுப்பியதுமே டீச்சரின் விளக்கு எரிந்தது. மற்றவர்கள் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே விசில் ஊதறீங்க?" என்றார்.

கை தவறி அழுத்தியிருப்பாள் என்று நினைத்து மூக்கரசி சொல்லாமல் கொள்ளாமல் வெறும் சுத்தக் காற்றை அனுப்பினாள். டீச்சர் அழுத்தவில்லை. மறுபடி பைக்காற்று. அழுத்தினாள். மறுபடி வெறும் காற்று. அழுத்தவில்லை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சுத்தக் காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் குழாயைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். வெளியே கை கழுவும் தொட்டியில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

மூக்கரசி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "டீச்சர், நாள் தள்ளிப் போயிருக்கா?"

"ரெண்டு மாசம் மேடம். வீட்டுக்காரரைத் தவிர யார்கிட்டயும் சொல்லல."

"நல்ல சேதிதானே, இதுக்கு ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே?" என்று முதுகைத் தடவிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து கணினியில் டீச்சரின் விடைகளை மொத்தமாக நீக்கினாள். விதி அப்படி. மிச்சம் ஏழு பேருக்குச் சராசரி எடுத்தபோது எண் வரம்பைத் தொட்டும் தொடாமல் கீழே நின்றது. டீச்சரைச் சேர்த்தால் தாண்டியிருக்கும் என்பது பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பையை மடித்து வைத்துவிட்டு, அப்படியே தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கைக்கு ஐந்தாம் மாதம். ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள். கதவைத் திறந்த வேகத்தில் அக்காவை உள்ளே இழுத்துப்போட்டுச் சாத்தினாள். வீட்டுக்குள் புழுங்கியது. எலும்பும் கொழுப்பும் வெந்து கருகுகிற அந்த வாடை அப்படியும் உள்ளே வந்து, திரைச்சீலையில், தலையணையில், தண்ணீர்ப் பானையில்கூட உட்கார்ந்திருந்தது. மேஜைமேல் தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. தங்கை எலுமிச்சம்பழத் தோலை மூக்கில் அழுத்திக்கொண்டே பேசினாள். கன்னம் ஒட்டிப் போய், வயிறு மட்டும் முன்னால் நின்றது.

"டாக்டர் என்னடி சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? எடை ஏறல, குழந்தையும் சின்னதா இருக்குன்னாங்க. இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்த்து நரம்பு வழியா ஏத்தணுமாம். வாயில வெச்சது தங்கினாத்தானேக்கா? அவரு லாரியை எடுத்துட்டுப் போயிட்டாரு, வீட்டை வித்துட்டுப் போயிடலாம்னா இந்த வீட்டை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "அதை விடு. உங்க சோதனை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வரம்புக்குக் கீழதான் வந்திருக்கு."

"கீழன்னா?"

"நாத்தம்னு சொல்ல முடியாதுன்னு அர்த்தம்."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "யாருக்கு நாத்தம் இல்லையாம்? மோந்து பாத்த எட்டுப் பேர்ல என்னை மாதிரி ஒருத்தி இருந்தாளா?"

மூக்கரசிக்குப் பொய் வராது. "இருந்தா. வாந்தி எடுத்துட்டா. கணக்குலேர்ந்து எடுத்துட்டோம்."

"எடுத்துட்டோம்னா யாரு?"

"நான்தான்."

எலுமிச்சைத் தோல் கீழே விழுந்தது. தங்கை குனிந்து எடுக்கவில்லை. "உன் கையாலயா?" என்று கேட்டாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். "எதிர் வீட்டுக்காரி ஏழாம் மாசம். மூலை வீட்டு மருமக இப்போதான் முழுகாம இருக்கா. நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா? மோந்தாத் தெரியிற மூக்கைத் தூக்கிப் போட்டுட்டு, தெரியாத மூக்கை வெச்சு அளந்துட்டு, நாத்தம் இல்லன்னு என் வீட்டுக்கே வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"விதிடி அது. நான் எழுதினது இல்ல."

"எழுதினவன் எவன்? அவன் ஒரு நாளாவது வயித்துல சுமந்தானா?"

மூக்கரசி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தங்கையைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது. திரும்புகிற வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். சளி பிடித்தவனுக்கு நாற்றம் தெரியாது, அவனைக் கழிப்பது சரி. ஆனால் டீச்சருக்குத் தெரிந்தது. இல்லாத ஒன்றையா அவள் முகர்ந்தாள்? வெறும் காற்று வந்தபோது அவள் கை அசையவே இல்லையே. அவளுடைய மூக்கு கெட்ட மூக்கு என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை. எங்கோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இன்னாருக்குக் கஷ்டம் வந்தால் அது கணக்கு, இன்னாருக்கு வந்தால் கணக்கில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு செய்துவிட்டு அதற்கு அளவீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளும் இத்தனை வருஷம் மாடு மாதிரி அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

மறுநாள் காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் நல்ல படிப்பாளி, அதை யாரும் மறுக்க முடியாது. "எண் பேசட்டும், நாம சும்மா இருப்போம்" என்பது அவர் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிற வாசகம். சும்மா இருப்பதை ஒரு தவம் மாதிரி செய்துகொண்டிருந்தார்.

"சார், அந்தத் தெருவுல மாசமா இருக்கறவங்களே மூணு பேர் இருக்காங்க. டீச்சரைச் சேர்த்து ஒரு எண், சேர்க்காம ஒரு எண், ரெண்டையும் அறிக்கையில போடணும். இல்லன்னா அவங்களை மாதிரி இருக்கறவங்களை வெச்சு இன்னொரு தடவை சோதனை பண்ணணும்."

"தங்கச்சி பாசம்," என்றார் அவர், ஆறுதல் சொல்கிற குரலில். "புரியுதும்மா. ஆனா நல்லது கெட்டது தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்ல. அது சமுதாயம் பாத்துக்கும், அரசாங்கம் பாத்துக்கும். நாம அளந்து குடுக்கறதோட சரி."

"மாசமா இருக்கறவ கணக்குல வரமாட்டான்னு சொன்னது யாரு சார்? எண்ணா சொல்லுச்சு?"

"அது தர விதி."

"அதுவும் ஒரு தீர்ப்புதானே? ஆளைக் கழிச்சதுக்கப்புறம்தானே எண்ணே வருது?"

"அனுமதி விசாரணை நெருங்கிடுச்சு, நேரம் இல்லம்மா. இப்போ போய் இன்னொரு சோதனைன்னா எங்க போறது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க, நடுநிலை போயிடுச்சுன்னா நம்ம பேச்சை எவனும் மதிக்க மாட்டான். விசாரணையில நானே பேசறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தாப் போதும். தேவையில்லாத இடத்துல மூக்கை நுழைக்காதீங்க." சொல்லிவிட்டு, தானே ஏதோ பெரிய நகைச்சுவை பண்ணிவிட்டதாக நினைத்துச் சிரித்தார்.

மூக்கரசி சிரிக்கவில்லை. நடுநிலையாம்! ஒருத்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருக்கிறவர்களுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டால் அது நடுநிலை. சாத்தினது தப்பு என்று சொல்கிறவளுக்குப் பாசம். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

விசாரணை நடந்த கூடம் குளுகுளுவென்று இருந்தது. ஜன்னலைத் திறக்கவே முடியாத கட்டடம். மேடையில் அனுமதிக் குழு. நடுவில் தலைவர், நரைத்த தலையோடு ஓர் அம்மாள், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் ஆலை மேலாளர், இஸ்திரி கலையாத சட்டையில். பின்வரிசைகளில் தெருக்காரர்கள். தங்கையும் எதிர் வீட்டுக்காரியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அக்காவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

இயக்குநர் எழுந்து திருத்தமாகப் பேசினார். காற்று பிடித்த முறை, கலந்த முறை, கிடைத்த எண். "அறிவியல் எந்தப் பக்கமும் சாயாது. எண் வரம்புக்குக் கீழ இருக்கு. நாங்க சொல்லக்கூடியது அவ்வளவுதான்" என்று முடித்தார். ஆலை மேலாளர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார்.

மூக்கரசி எழுந்தாள். "உட்காருங்க" என்று இயக்குநர் உதட்டை அசைக்காமல் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அம்மா, அந்த எண்ணை எடுத்தது நான்தான். எட்டுப் பேர் மோந்து பாத்தாங்க, ஏழு பேரைத்தான் கணக்குல சேர்த்தேன். எட்டாவது ஆள் மாசமா இருக்கற பொண்ணு. எல்லாருக்கும் முன்னாடி கண்டுபிடிச்சா, ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லல. கர்ப்பிணி மூக்கு செல்லாதுன்னு விதி இருக்கு, அதனால நீக்கினேன். அவளைச் சேர்த்தா எண் வரம்பைத் தாண்டுது. அந்தத் தெருவுல கர்ப்பிணிங்க இருக்காங்க. அவங்களைச் சேர்க்கணுமா வேணாமாங்கறதை எந்த எண்ணும் சொல்லாது. அதை யாரோ முடிவு பண்ணினாங்க, நான் கேள்வி கேக்காம கையைக் கட்டிக்கிட்டுச் செஞ்சேன். எங்க அறிக்கையில அது இல்ல. அதான் சொல்றேன்."

கூடத்தில் சலசலப்பு. ஆலை மேலாளர் இயக்குநரை முறைத்தார்.

"ஒரே ஒருத்தர் மூக்கை வெச்சு முடிவெடுக்க முடியாதும்மா," என்றார் இயக்குநர் அவசரமாக. "அறிவியல்ல அதுக்கு மதிப்பே கிடையாது."

"ஒருத்தர் போதாதுன்னா சரி," என்றார் தலைவர். "எட்டுப் பேரும் கர்ப்பிணிகளாவே வெச்சு இன்னொரு தடவை பண்ணிடுங்களேன். வேணும்னா நாள் தர்றேன். அதுல என்ன கஷ்டம்?"

இயக்குநர் சிக்கிக்கொண்டார். நேரம் இல்லை என்று இனி சொல்ல முடியாது, தலைவரே நாள் தருகிறார். மேலாளர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. டையைச் சரி செய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார். உண்மையிலேயே நல்ல மனிதராகத்தான் பேசினார், அதுதான் கொடுமை.

"மன்னிக்கணும். அதை எங்க நிலையம் ஒருநாளும் செய்யாது. எங்களுக்குன்னு அறநெறி இருக்கு. வயித்துல பிள்ளையோட இருக்கறவங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சு, இந்தக் காத்தை மோந்து பாருங்கன்னு சொல்ல நாங்க என்ன மிருகங்களா? வாந்தி எடுப்பாங்க, மயங்கி விழுவாங்க, தாய்க்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு? கொஞ்ச நேரம்னாலும் சரி, இந்தக் காத்துல அவங்களை வெக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேசி முடித்துவிட்டுக் கைதட்டலை எதிர்பார்க்கிற மாதிரி கூடத்தைப் பார்த்தார். ஒருவரும் தட்டவில்லை. ஆலை மேலாளர்தான் முதலில் புரிந்துகொண்டார். நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கரசி சொல்வதற்கென்று எவ்வளவோ தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

பின்வரிசையில் தங்கை எழுந்தாள். எழுந்து நிற்பதற்கே முன் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சார். நான் அந்தக் காத்துலதான் தூங்கறேன். எனக்கு யாரு கையெழுத்துப் போட்டா?"

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "அது வேறம்மா, இது வேற," என்றார். "அது அறநெறி. இது அளவீடு. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

"லேப்ல கொஞ்ச நேரம் உட்கார வெச்சா மிருகம். வீட்டுல வருஷம் பூரா வெச்சா அளவீடு. அப்படித்தானே சார்?" எதிர் வீட்டுக்காரியும் அவளுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டாள்.

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். "ஐயா இப்போ சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதிக்கோங்க."

"மேடம், அது நிலையத்தோட முடிவு இல்ல, என்னோட சொந்த மதிப்பீடு," என்று இயக்குநர் பதறினார்.

"சொந்த மதிப்பீடுன்னே எழுதட்டும். இன்னிக்கு இங்க அதைத்தான் முதல் தடவையா வெளிப்படையாச் சொல்லியிருக்கீங்க."

இரண்டாவது கொதிகலனுக்கு அனுமதி இல்லை என்று குழு அறிவித்தது. தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். இயக்குநர் மூக்கரசியைக் கடந்து போகும்போது, "நிலையத்தோட மானத்தை வாங்கிட்டீங்க" என்றார். "நீங்களா வாங்கிக்கிட்டீங்க சார், நான் அறிக்கையில விட்டுப்போனதைத்தான் சொன்னேன்" என்றாள் அவள். நாளைக்கு வேலை இருக்குமா என்பது தெரியவில்லை. பயம் வரும் என்று பார்த்தாள், கோபம்தான் இன்னும் வந்துகொண்டிருந்தது.

வெளியே படிக்கட்டில் தங்கை மூச்சு வாங்க நின்றிருந்தாள். மூக்கரசி போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். தங்கை தட்டிவிடவில்லை.

"என் வீட்டுக்கு வந்துடுடி. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அங்கயே இரு. இப்பவே போய்த் துணிமணி எடுத்துட்டு வந்துடலாம்."

"நான் வந்துடுவேன்க்கா. இவ எங்க போவா?" தங்கை எதிர் வீட்டுக்காரியைக் காட்டினாள். "ரெண்டாவதை நிறுத்திட்டாங்க, சரி. இருக்கறது கொதிச்சுக்கிட்டேதானே இருக்கு?"

மூக்கரசி அப்படியே நின்றாள். ஆமாம். பையில் பிடித்து வந்தது எந்தக் காற்று? இன்னும் வைக்காத கொதிகலனின் காற்றா? டீச்சரை வாந்தி எடுக்க வைத்தது, கொஞ்ச நேரம்கூடக் கர்ப்பிணிகள் அதில் இருக்கக் கூடாது என்று படித்தவர் வாயாலேயே சொல்லி எழுதி வாங்கியது, எல்லாம் அங்கே இப்போதும் எரிந்துகொண்டிருக்கிற முதல் கொதிகலனைப் பற்றித்தான். அத்தனை பேர் இருந்த கூடத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அவளுக்கே உறைக்கவில்லை.

"ரெண்டு பேரும் இங்கயே உட்காருங்க" என்றாள். உள்ளே எழுத்தர் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். தலைவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிற சமயம். மூக்கரசி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அம்மா, கிளம்பாதீங்க" என்றாள். "இன்னும் முடியல."